கிட்டாருக்குக் கீழே வாவி

மட்டக்களப்பு வாவியை நல்லரத்தினம் தன் கையாலேயே அழித்துவிட்டார்.

கொஞ்சநஞ்சமல்ல, முழு வாவியும் போய்விட்டது. அலை போய்விட்டது. தோணியின் விலாவில் தண்ணீர் தட்டும் சத்தம் போய்விட்டது. அடியில் பாடிக்கொண்டிருந்த மீன்களும் போய்விட்டன. அவை இருந்த இடத்தில் இப்போது நல்லரத்தினத்தின் குரல் இருந்தது, மூக்கால் பாடிக்கொண்டு.

ஹெட்போனைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டினார். மறுபடியும் அதே மூக்கு.

கல்லடியில் 'நல்லிசை ரெக்கோடிங் பார்' என்று ஒரு கடை வைத்து, கேட்ட பாட்டைக் கசெட்டில் பதிந்து கொடுப்பது அவர் தொழில். காலம் முழுக்க மற்றவர்களின் குரலையே பதிந்த மனிதருக்கு, ஒரே ஒரு தடவை தன் குரலைக் கேட்டுப் பார்க்க ஆசை வந்தது. ஆசை வந்த நேரம் பார்த்து மேசையில் அந்த நாலு ட்ராக் பெட்டி இருந்தது. ஒரே கசெட்டில் நாலு பேரைத் தனித்தனியாகப் பதிந்து, பிறகு ஒன்றாகக் கலக்கக்கூடிய பெட்டி. நாலாவது ட்ராக்கைப் போட்டுக் கேட்டார். ஒன்றுமே கேட்கவில்லை. வெறும் ட்ராக் என்று நினைத்து, சிவப்புப் பொத்தானை அழுத்தி, பாடத் தொடங்கினார். தொடங்கினால் நிறுத்தத் தெரியாத குணம் வேறு.

அது வெறும் ட்ராக் அல்ல. அதுதான் வாவி. மூர்த்தியின் வாவி அவ்வளவு மெதுவானது.

மூர்த்தி என்கிற வினாயகமூர்த்தி மண்டூர்க்காரன், நீர்ப்பாசனக் கந்தோரில் கிளார்க். சுவிஸில் இருக்கும் தமையன் அனுப்பிய கீபோட்டும் இந்தப் பெட்டியும் அவனுடையவை. கீபோட்டில் ஒரு கட்டையை அழுத்திவிட்டுக் கண்ணை மூடுவான். நல்லரத்தினம் போய்த் தேத்தண்ணி குடித்து, கடைக்கு வந்த ஆளோடு ஊர்ப்புதினம் கதைத்து, திரும்பி வந்து பார்த்தால் அதே கட்டை இன்னும் ஒலித்துக்கொண்டிருக்கும்.

"முடிஞ்சுதா மூர்த்தி?"

"இன்னும் தொடங்கல்ல அண்ணன். இது சூழலிசை. அம்பியன்ட் எண்டு சொல்லுற. அவசரப்படப்படாது."

மற்றவன் பேர்சி. பறங்கியர் குடியிருக்கும் டச்பாரில் வீடு, ஒரு கராஜில் மெக்கானிக் வேலை. அவனுக்கு ஹெவி மெட்டல்தான் மூச்சு. கல்யாண வீடுகளுக்கு லவுட்ஸ்பீக்கர் வாடகைக்கு விடும் முனாப் கழித்துப்போட்ட ஸ்பீக்கர் ஒன்றை எடுத்து, லொறியில் கழற்றிய எதையோ அதற்குள் வைத்து, கிட்டாருக்கு ஒரு பெட்டி செய்திருந்தான். அதிலிருந்து வந்த சத்தம், சேற்றில் புதைந்த எருமை காலை இழுக்கும்போது அடித்தொண்டையால் உறுமுவதைப் போல இருக்கும். முதல் நாள் அவன் அதைத் தட்டியபோது பக்கத்து வீட்டுக் கந்தப்போடியார் ஷெல்லடி என்று நினைத்துக் குடும்பத்தோடு பங்கருக்குள் இறங்கிவிட்டார். நெடுநேரம் கழித்துத் தலையை மட்டும் வெளியே நீட்டினார்.

"முடிஞ்சுதா தம்பி?"

"இல்ல அங்கிள், இன்னும் ரெண்டு பாட்டு கிடக்கு."

தலை திரும்பவும் உள்ளே போயிற்று.

"ஏன் மனே இந்தக் கரகரப்பு?" என்று நல்லரத்தினம் ஒருநாள் கேட்டுப் பார்த்தார். "கொஞ்சம் சுத்தமா வாசிச்சா என்ன?"

"தெரியா அண்ணே. சின்னனில இருந்து இந்தச் சத்தம் தலைக்குள்ள கிடக்கு. கிட்டார் வாங்கினதே அத வெளியில எடுக்கத்தான்."

பேர்சியும் மூர்த்தியும் பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்தவர்கள். இப்போது பேர்சிக்கு அவுஸ்திரேலியா விசா வந்துவிட்டது. மெல்பேர்னில் அக்கா இருக்கிறாள். தாய் வேரா ஆன்டியையும் கூட்டிக்கொண்டு போகிறான். போகிறவர்கள் திரும்பி வருவதில்லை என்பது டச்பாரில் பூட்டிக் கிடக்கும் வீடுகளைப் பார்த்தாலே தெரியும். அதனால் போகுமுன் இரண்டு பேருமாகச் சேர்ந்து ஒரு அல்பம் செய்வது என்று முடிவாகிற்று. பெயர் 'வாவி'. பாதி மெட்டல், பாதி சூழலிசை. கலப்பது நல்லரத்தினம்.

கலப்பது என்று சொல்வது லேசு.

"அண்ணே, கிட்டார ஏத்துங்க. கேக்கவே இல்ல."

"அண்ணன், கிட்டாரக் குறைங்க. வாவி அடியில தாண்டு போச்சு."

"தாண்டா என்னடா, வாவி தானே?"

"உன்ட சத்தத்துக்குச் செத்தவனும் எழும்பி வருவான்."

"உன்ட சத்தத்துக்கு இருக்கிறவனும் படுத்திருவான்."

நல்லரத்தினம் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். கடையின் பழைய மிக்சர் பெட்டியில் ஒரு திருகி உள்ளே எதோடும் இணைக்கப்படாமல் சும்மா கிடந்தது. யார் முறைப்பாடு செய்தாலும் முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு அந்தத் திருகியைத் திருகுவார். "இப்ப?" என்பார். "இப்ப சரி" என்பார்கள். மற்றவன் முறைப்பாடு செய்தால் எதிர்ப்பக்கம் திருகுவார். அவனும் "இப்ப சரி" என்பான். நாட்டில் வேறெங்கும் கிடைக்காத சமாதானம் அந்தத் திருகியில் கிடைத்தது.

ஆனால் கடைசிப் பாட்டில் இருந்த மீன்களைப் பற்றி மட்டும், பூரணை இரவுகளில் வாவிக்கடியில் பாடும் என்று ஊரே பெருமை பேசும் மீன்கள், யாருக்கும் சண்டையில்லை. ஒரு பூரணை இரவு தோணியில் போய், துடுப்பைத் தண்ணீருக்குள் விட்டு, அதில் மைக்கைக் கட்டிப் பதிந்ததாக மூர்த்தி ஒரு கசெட் கொண்டுவந்து கொடுத்தான். இப்போது யுத்தம், இருட்டினால் வாவியில் தோணி இறக்கக் கூடாது என்று ஆமி கண்டிப்பாகச் சொல்லியிருந்தது. இனி அதை எடுக்க வழியே இல்லை. அன்றைக்குப் பேர்சி கிட்டாரைக் கீழே வைத்துவிட்டு, "எனக்கு இது போதும் அண்ணே. அங்க போய் இதப் போட்டா வீட்ட வந்த மாதிரி" என்று சொன்னான்.

அந்த வீட்டைத்தான் நல்லரத்தினம் இடித்துப்போட்டார்.

மூர்த்தி கொண்டுவந்த மூலக் கசெட்டாவது இருந்ததா என்றால் அதுவும் இல்லை. கசெட் தட்டுப்பாட்டில் அதன்மேல் சித்தாண்டியில் யாருடையவோ மகள் பெரியபிள்ளையான சாமத்தியவீட்டுக்குப் பாட்டுப் பதிந்து கொடுத்தாயிற்று.

சரி, புதிதாக ஒரு மீன் சத்தம் செய்தால் போகிறது என்று நினைத்தார். அதற்கு முதலில் மீன் எப்படிப் பாடும் என்று தெரிய வேண்டும். இந்த இடத்தில் நல்லரத்தினத்துக்கு ஒரு சிறு இடைஞ்சல் இருந்தது. கொழும்பிலிருந்து வந்தவர்களுக்கெல்லாம் அவர் பாடும்மீனைப் பற்றிக் கண்ணை மூடிக்கொண்டு வர்ணித்திருக்கிறார். ஆனால் கேட்டதில்லை. இளந்தாரி வயதில் ஒருமுறை துடுப்பை வாவிக்குள் விட்டு மறுமுனையைக் காதில் வைத்துப் பார்த்தார். எறும்பு ஒன்று உள்ளே போனதோடு சரி.

பெண்சாதியிடம் தொடங்கினார்.

"புஸ்பம், மீன் பாடுறது எப்பிடி இரிக்கும்?"

"இதென்ன கேள்வி? மட்டக்களப்பில பொறந்துபோட்டு."

"நீ கேட்டிருக்கிறயா?"

"கேக்காமலா?"

"அப்ப சொல்லன், எப்பிடி இரிக்கும்?"

புஸ்பம் சுளகில் இருந்த அரிசியில் ஒரு கல்லைப் பொறுக்கி எறிந்தாள். "மீன் மாதிரித்தான் இரிக்கும்" என்று சொல்லிவிட்டுப் புடைக்கத் தொடங்கினாள்.

முனாப் கொஞ்சம் விபரமாகச் சொன்னார். "அது வந்து நல்லா அண்ணன், ஒரு நாதம்."

"என்ன நாதம்?"

"நல்ல நாதம்."

வாவியிலேயே தொழில் செய்யும் கோணாமலை சந்தைக்கு மீன் கொண்டு போகும் வழியில் அகப்பட்டான். நல்லரத்தினம் அவனுடைய சைக்கிளின் ஹாண்டிலைப் பிடித்துக்கொண்டார்.

"நீ கேட்டிருக்கிறயா இல்லையா? ஒரு சொல்லில சொல்லு."

"நான் வலை போடப் போறனா, பாட்டுக் கேக்கப் போறனா?"

"அப்ப கேக்கல்லயா?"

"கேக்கல்ல எண்டு நான் எப்ப சொன்ன? ஹாண்டில விடுங்க, மீன் பழுதாப் போகும்."

மட்டக்களப்பில் இந்த ஒரு கேள்விக்கு மட்டும் நேரான பதில் கிடைக்காது என்று நல்லரத்தினத்துக்கு விளங்கிற்று. ஆனபடியால் மீனிடமே போவது என்று முடிவு செய்தார். முனாப்பிடம் நல்ல மைக் ஒன்றை இரவல் வாங்கி, பொலித்தீன் பையில் சுற்றி, இறப்பர்ப் பட்டி போட்டு இறுக்கி, பட்டப்பகலில் கல்லடிப் பாலத்தில் நின்றுகொண்டு ஒயரைப் பிடித்து மெல்ல மெல்லத் தண்ணீருக்குள் இறக்கினார்.

யுத்த காலத்தில், பாலத்துக்கு அடியில் ஒயர் இறக்கும் மனிதனைக் காவலில் நிற்கும் சிப்பாய் என்னவென்று நினைப்பான் என்பதை அவர் ஒரு நிமிசம் யோசித்திருக்கலாம்.

"ஏய்! கை மேல!"

நல்லரத்தினம் கைகளை மேலே தூக்கினார். ஒயரைப் பிடித்திருந்த கையும் அதில் ஒன்று. முனாப்பின் மைக் ஒரு சின்னச் சத்தத்தோடு வாவிக்குள் போயிற்று.

சிப்பாய் ஒரு சிங்களப் பையன், மீசை இன்னும் ஒழுங்காக முளைக்கவில்லை. தோளில் தொங்கிய துவக்கு மட்டும் முழு வளர்ச்சி. "என்ன போட்ட?"

"மைக், சேர்."

"மைக்? யாருக்கு?"

"மீனுக்கு, சேர்."

அதைச் சொன்ன பிறகுதான் அது எவ்வளவு மோசமான பதில் என்று அவருக்கே தெரிந்தது. சிப்பாய் சிரிக்கவில்லை. அடையாள அட்டையை வாங்கி இரண்டு பக்கமும் பார்த்தான். அவரை வெய்யிலில் நிற்க வைத்தான். கீழே ஆள் இறக்கித் தேடுவித்தான். பொலித்தீன் பையோடு மைக் வெளியே வந்தது. அதை உதறிப் பார்த்தான். தண்ணீர் கொட்டிற்று. வெய்யில் சாயும் நேரத்தில் சிப்பாய் அட்டையைத் திருப்பிக் கொடுத்தான்.

"பகல்ல மீன் இல்ல. போ."

நல்லரத்தினம் போனார். ஓடினார் என்று புஸ்பத்திடம் யாரோ சொல்லியிருந்தார்கள், அது பொய். வேகமாக நடந்தார்.

முனாப்புக்கு அடுத்த நாள் கல்யாண வீடு.

"மைக் எங்க அண்ணன்?"

"கொஞ்சம் நனைஞ்சு போச்சு."

"எவ்வளவு கொஞ்சம்?"

நல்லரத்தினம் கடையிலிருந்த ஒரே நல்ல மைக்கைக் கழற்றிக் கொடுத்தார். மிஞ்சியது பழைய டேப் ரெக்கோடரின் சின்ன மைக், வேர்க்கடலை அளவு. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் வீட்டில் நடந்து திரிந்தபோது, ஷோகேஸில் இருந்த தங்கக்கரை போட்ட கிளாஸ்கள் கண்ணில் பட்டன. பஹ்ரேனிலிருந்து மச்சினன் அனுப்பியவை. வந்த நாளிலிருந்து யாரும் அவற்றில் தண்ணீர்கூடக் குடித்ததில்லை. அவ்வளவு மரியாதை.

புஸ்பம் கடைத்தெருவுக்குப் போயிருந்தாள்.

விரலை நனைத்துக் கிளாஸின் விளிம்பில் மெல்லச் சுற்றினார். 'ம்ம்ம்ம்' என்று ஒரு நாதம் எழும்பிற்று. முனாப் சொன்னது சரி, நல்ல நாதம். ஒவ்வொரு கிளாஸிலும் வெவ்வேறு அளவு தண்ணீர் ஊற்றினார். ஒரு கையால் கிளாஸைத் தேய்த்துக்கொண்டு மறு கையால் வாளித் தண்ணீரை அளைந்தார். அலை வந்தது. மீன் வந்தது. தன்னை மறந்து தேய்த்த வேகத்தில் ஒரு கிளாஸ் சரிந்து வாளிக்குள் விழுந்து உடைந்தது. அந்தச் சத்தமும் பதிவாகிவிட்டது. மீன் துள்ளியது என்று சொல்லிக்கொள்ளலாம் என விட்டுவிட்டார்.

நிமிர்ந்து பார்த்தால் வாசலில் புஸ்பம்.

"என்ன செய்யிறீங்க?"

"வாவி செய்யிறன்."

புஸ்பம் பையைக் கீழே வைத்தாள். வாளியைப் பார்த்தாள். ஷோகேஸைப் பார்த்தாள். பிறகு கதைத்தவை அவளுடைய தம்பி, நல்லரத்தினத்தின் தாய்வழி, ரெக்கோடிங் தொழிலின் எதிர்காலம் ஆகியவற்றைப் பற்றியவை. அதையும் அந்தச் சின்ன மைக் பதிந்துகொண்டிருந்தது. பிறகு அந்த இடத்தை வெட்டி எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

இரண்டு பேரும் வந்து கடைசிப் பாட்டைக் கேட்ட நாளன்று நல்லரத்தினம் பெட்டிக்குப் பக்கத்திலேயே நின்றார். முதலில் பேர்சியின் உறுமல். அது ஓய, கீழே மெல்ல வாவி. கிளாஸ் பாடிற்று. அவர் மூர்த்தியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மூர்த்தியின் புருவம் ஒருதரம் மேலே போயிற்று. நல்லரத்தினத்தின் உயிரும் கூடவே போயிற்று.

"சரிதானே மூர்த்தி? நீ எடுத்த மீன்தானே?"

"ஓம்," என்றான் மூர்த்தி அவசரமாக. "அதுதான். அதேதான். வேற என்னவா இருக்கப் போகுது?"

இதில் ஏதோ இடிக்கிறது என்று நல்லரத்தினம் யோசிப்பதற்குள் பேர்சி மூக்கை உறிஞ்சினான். பார்த்தால் அழுகிறான். அவ்வளவு பெரிய ஆள், கையில் கிரீஸ், கண்ணில் தண்ணீர்.

"அண்ணே, கிட்டாரக் குறைங்க."

"என்ன?"

"என்ட கிட்டார ஒருக்காக் குறைங்க. மீன ஏத்துங்க. எனக்கு மீன் கேக்கோணும்."

"ஒண்ணா, குறைக்கப்படாது!" என்று நல்லரத்தினமும் மூர்த்தியும் ஒரே மூச்சில் கத்தினார்கள். பிறகு இரண்டு பேரும் ஒருவரையொருவர் சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டார்கள்.

"கிட்டார் இருக்கோணும்," என்றார் நல்லரத்தினம். "நிறைய இருக்கோணும். கிட்டார் இல்லாட்டி இந்த அல்பத்துக்கு முதுகெலும்பு இல்ல."

"ஓம் மச்சான்," என்றான் மூர்த்தி. "இன்னும் ஏத்தலாம்."

"போன கிழமை வரைக்கும் வாவி தாண்டு போச்சு எண்டு சண்டை பிடிச்ச நீதானடா?"

"சூழலிசை எண்டா அப்பிடித்தான். கேக்கப்படாது. இருக்கிற எண்டு தெரிஞ்சாப் போதும்."

"எனக்குக் கேக்கோணும்!"

நல்லரத்தினம் முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு அந்தத் திருகியைத் திருகினார். "இப்ப?"

பேர்சி கண்ணைத் துடைத்தான். "அண்ணே, நான் மெக்கானிக். வந்த முதல் நாளே அந்தப் பெட்டியக் கழட்டிப் பார்த்த நான். அது ஒண்டோடயும் இணைப்பில்ல."

"பிறகேன் இப்ப சரி, இப்ப சரி எண்டு சொன்ன?"

"நீங்க பாவம் எண்டுதான்."

சமாதானம் அத்தோடு முறிந்தது. அன்று முழுக்க இழுபறி. மெட்டல்காரன் மெட்டல் வேண்டாம் என்கிறான், சூழல்காரன் சூழல் வேண்டாம் என்கிறான். இப்படி ஒரு இசைக்குழு உலகத்தில் வேறெங்கும் இருக்காது. கடைசியில், போகிறவன் கேட்பதைக் கொடுக்காமல் விட நல்லரத்தினத்துக்கு மனம் வரவில்லை. முதலில் கிட்டார் மட்டும், பிறகு கிட்டாரும் மீனும், முடிவில் மீன் மட்டும் தன்னந்தனியாக, ஊரே கேட்கிற மாதிரி. கலந்து முடித்தபோது, திருடிய நகையைக் கழுத்தில் போட்டுக் கோயிலுக்குப் போகிறவரின் நெஞ்சு எப்படி அடிக்கும் என்பது அவருக்குத் தெரிந்தது.

பயணத்துக்கு முதல் நாள் வேரா ஆன்டி வீட்டில் மத்தியானச் சாப்பாடு. வீட்டுச் சாமான்களையெல்லாம் கொடுத்து முடித்துவிட்டதால் குடிக்கக் கிளாஸ்கூட இல்லை. நல்லரத்தினம் வீட்டு ஷோகேஸும் இப்போது குறையாகக் கிடந்தது, மிஞ்சியதைத் தொடப் புஸ்பம் விடமாட்டாள். மூர்த்தியின் பெண்சாதி சீதேவிப்பிள்ளையிடம் இரவல் கேட்கப் போன புஸ்பம் வெறுங்கையோடு திரும்பி வந்தாள்.

"அவளிட்டயும் இல்லையாம் கா. உங்கட மூர்த்தி தண்ணி ஊத்தி விரலால தேச்சுத் தேச்சு எல்லாத்தையும் கீறல் விழுத்திப்போட்டாராம். கேட்டா ரெக்கோடிங்காம். ஆம்புளையளுக்கு எல்லாம் தலையில ஏதோ ஒரே வருத்தம் போல."

நல்லரத்தினம் போட்டுக்கொண்டிருந்த சட்டையின் பொத்தானை விட்டுவிட்டு நின்றார்.

வேரா ஆன்டி வீட்டில் பைலாப் பாட்டும் கேக்கும் சாராயமும் நடந்துகொண்டிருந்தபோது மூர்த்தியைப் பின்வளவுக்கு இழுத்துக்கொண்டு போனார்.

"உன்ட கிளாஸ் என்ன நிறம்?"

மூர்த்தி மென்றுகொண்டிருந்த கேக்கை அவசரமாக விழுங்கினான். "…பச்சை."

"படுபாவி! பூரணை எண்டாய், தோணி எண்டாய்."

"தோணில ஏறினா எனக்குத் தலை சுத்திச் சத்தி வரும் அண்ணன். அவன் ஆசைப்பட்டுக் கேட்டான். நான் என்ன செய்ய? நீங்க அழிச்சுப்போட்டு வேற வெச்சதும் எனக்குத் தெரியும்."

"எப்பிடி?"

"என்ட மீன் துள்ளல்ல."

நல்லரத்தினத்துக்குச் சிரிப்பு வந்தது. மூர்த்திக்கும் வந்தது. இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு முருங்கை மரத்தைப் பிடித்துக்கொண்டு குலுங்கினார்கள். உள்ளே பார்த்தால், அந்தக் கூத்துக்கு நடுவில் பேர்சி வோக்மனைக் காதில் மாட்டிக்கொண்டு ஒரு மூலையில் கண்ணை மூடி இருந்தான். சிரிப்பு நின்றுவிட்டது.

"அவனுக்குச் சொல்லப்படாது," என்றார் நல்லரத்தினம்.

"ஒருக்காலும் சொல்லப்படாது."

"அவன் வாவிக் கரையிலதானே வளர்ந்தவன். அவனுக்கும் தெரியாதா?"

"கேட்டிருந்தா கிளாசுக்கு அழுவானா அண்ணன்?"

"அப்ப இந்த ஊரில ஆர்தான் மூர்த்தி அதக் கேட்டது?"

மூர்த்தி இன்னொரு துண்டுக் கேக் எடுக்க உள்ளே போனான்.

காலையில் வான் டச்பாரிலிருந்து புறப்பட்டது. வேரா ஆன்டி முன்னுக்கு, பேர்சி கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு நடுவில், டவுன் வரைக்கும் வழியனுப்ப நல்லரத்தினமும் மூர்த்தியும் பின்னுக்கு. கல்லடிப் பாலத்தில் வான் மறிக்கப்பட்டது. ஜன்னலுக்குள் எட்டிப் பார்த்த முகத்தில் மீசை இப்போது கொஞ்சம் முளைத்திருந்தது.

"ஆ. மீனுக்கு மைக்," என்றான் சிப்பாய், நல்லரத்தினத்தைப் பார்த்து.

நல்லரத்தினம் இருந்த இடத்திலேயே கையை மேலே தூக்கினார். வானின் கூரை இடித்தது.

பைகள் திறக்கப்பட்டன. வேரா ஆன்டியின் உடுப்பு, யேசுநாதர் படம், கேக் டின், ஒவ்வொன்றாக வெளியே வந்தது. பேர்சியின் சட்டைப்பைக்குள்ளிருந்து கசெட் வந்தது. சிப்பாய் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்.

"என்ன இது?"

"பாட்டு," என்றான் பேர்சி.

"போடு."

ட்ரைவர் போட்டான், பேர்சி சுற்றி வைத்திருந்த கடைசிப் பாட்டு. முதலில் கிட்டார் உறுமிற்று. வானின் கண்ணாடிகள் அதிர்ந்தன. மணல் மூட்டைகளுக்குப் பின்னாலிருந்து இன்னும் இரண்டு சிப்பாய்கள் எழும்பி வந்தார்கள். சிப்பாயின் தலை ஒரு பக்கம் சரிந்தது. என்ன நினைக்கிறான் என்று பிடிபடவில்லை. வேரா ஆன்டி சிலுவைக்குறி போட்டாள். பிறகு கிட்டார் இறங்கிற்று. கிளாஸ் பாடத் தொடங்கிற்று. அலை அடித்தது. மீன் துள்ளிற்று.

"இது?" என்றான் சிப்பாய்.

பேர்சி திரும்பி நல்லரத்தினத்தைப் பார்த்தான். அந்தப் பார்வையில் இருந்த பெருமையைத் தாங்க முடியாமல் நல்லரத்தினம் வாயைத் திறந்துவிட்டார்.

"எங்கட பாடும்மீன், சேர். இந்த வாவி மீன்."

சிப்பாய் இன்னும் கொஞ்சம் கேட்டான். தலையை ஆட்டினான்.

"மீன் இல்ல. கிளாஸ்."

மூர்த்தி தன் செருப்பைப் பார்த்தான். பேர்சி முதலில் மூர்த்தியைப் பார்த்தான், பிறகு நல்லரத்தினத்தை. இரண்டு முகங்களிலும் எழுதியிருந்ததைப் படிக்க அவனுக்கு அதிக நேரம் தேவைப்படவில்லை. மெல்ல முன்பக்கம் திரும்பி, கிட்டார்ப் பையின் சிப்பை இழுத்து மூடினான்.

நல்லரத்தினத்துக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. துவக்கு இருப்பதையும் மறந்துபோனார். "சேருக்கு எப்பிடித் தெரியும்? நாங்க இஞ்ச பொறந்து வளர்ந்த ஆக்கள். சேர் கேட்டிருக்கிறயா? எப்பிடிப் பாடும், சொல்லு பாப்பம்!"

மூர்த்தி அவருடைய சட்டையைப் பிடித்து இழுத்தான்.

சிப்பாய்க்குக் கோபம் வரவில்லை. நித்திரை இல்லாத கண்களால் பாலத்தின் மேலிருந்து வாவியைப் பார்த்தான்.

"ராவுல நீங்க எல்லாம் வீட்டுல. நான் மட்டும்தானே இங்க," என்றான். "பூரணைக்கு விடியிற வரைக்கும் சத்தம். தூங்க விடாது."

ஜன்னலுக்குள் கையை விட்டுக் கசெட்டைப் பின்னுக்குச் சுற்றினான். பாட்டின் தொடக்கத்தில் நிறுத்தி, பொத்தானை அழுத்தினான். சேற்றில் காலை இழுக்கும் எருமையைப் போல, அடித்தொண்டையால் பேர்சியின் கிட்டார் உறுமிற்று. சிப்பாய் பேர்சியின் தோளில் ஒரு தட்டுத் தட்டினான்.

"இதுதான் மீன். அப்படியே இப்படித்தான் கத்தும்."